ஜன்னலோரத் தோட்டம்: கெசும் தழைக்கிறது, கருவேப்பிலை ஏன் வாடுகிறது?

பாலிக் புலாவுக்குப் போனவர்கள் லக்சா சாப்பிடாமல் திரும்புவது அபூர்வம். கெம்புங் மீனும் புளியும் சேர்ந்து கொதிக்கும் அந்தக் குழம்புக்கு வாசனை தருவது முக்கியமாக மூன்று செடிகள். குழம்போடு வேகும் கெசும் இலை, மெல்லிசாக நறுக்கிய புங்கா கந்தான் என்ற இஞ்சிப் பூ, கடைசியில் மேலே தூவும் பச்சைப் புதினா.

ஒருநாள் வீட்டிலேயே லக்சா வைத்துப் பார்க்கலாம் என்று சந்தையில் ஒரு கட்டு கெசும் வாங்குகிறீர்கள். தேவைப்படுவது ஐந்தாறு தண்டுதான். மீதி குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் கறுத்து, நாலாம் நாள் குப்பைக்குப் போகிறது. புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் இதே கதி. 'இதையெல்லாம் ஜன்னலோரத்திலேயே வளர்த்தால் என்ன?' என்று அப்போது தோன்றும்.

கைப்பேசியில் தேடுகிறீர்கள். 'தெற்குப் பார்த்த ஜன்னலில் வையுங்கள், குளிர்காலத்தில் கண்ணாடியை விட்டுத் தள்ளி வையுங்கள், ரோஸ்மேரியும் தைமும் ஆரம்பிக்க ஏற்றவை' என்று வருகிறது. அப்படியே செய்கிறீர்கள். ஒரு மாதத்தில் தொட்டியில் காய்ந்த குச்சிதான் நிற்கிறது. "நமக்குக் கைராசி இல்லப்பா" என்று அதோடு விட்டுவிடுகிறோம்.

கைராசியைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் பின்பற்றிய அறிவுரை வேறொரு நாட்டு வெயிலுக்கு எழுதப்பட்டது. வாங்கிய செடியும் உங்கள் வீட்டு வெளிச்சத்துக்குப் பொருந்தாத செடி.

தெற்கு ஜன்னல் யாருக்கு?

லண்டனில் கோடையில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும். டிசம்பரில் 8 மணி நேரம்கூட இருக்காது. அங்கே சூரியன் எப்போதும் தெற்கு வானில் சாய்ந்தே போகும். அதனால் தெற்கு ஜன்னல் அங்கே பெரிய சொத்து.

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 5 டிகிரி வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே உள்ள வித்தியாசம் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. எந்தப் பக்கம் இருந்தாலும் அது கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலேதான். அந்த வெயில் கூரையில் விழும், ஜன்னலுக்குள் நுழையாது. வெயில் வீட்டுக்குள் சாய்ந்து வருவது காலையிலும் மாலையிலும்தான். அதனால் நமக்குக் கிழக்கும் மேற்கும்தான் கணக்கு.

பாலிக் புலாவில் இன்னொரு விஷயமும் உண்டு. மலாயில் அந்தப் பெயருக்கே தீவின் பின்புறம் என்றுதான் பொருள். ஊர் மலைத்தொடருக்கு மேற்கே இருப்பதால் காலை வெயில் மலையைத் தாண்டி வர நேரமாகும். மாலை வெயில் தாராளமாகக் கிடைக்கும். ஜோர்ஜ்டவுனில் கடலைப் பார்த்த அடுக்குமாடி என்றால் இது அப்படியே தலைகீழ். ஆகவே ஒரே தீவில் இருக்கும் உங்கள் அத்தை வீட்டு அனுபவம்கூட உங்கள் வீட்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

கடிகாரத்தையும் நம்பாதீர்கள். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. பினாங்கில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். 'மதியம் 12 மணி வெயில்' என்று புத்தகம் சொன்னால், நம் ஊரில் அது ஒன்றேகால் வெயில்.

மேற்கு ஜன்னலில் பிற்பகல் 3 மணிக்கு மேல் கண்ணாடி வழியாக வரும் சூட்டில் சின்னத் தொட்டியின் மண் வெந்துவிடும். அங்கே செடியை ஓரடி உள்ளே தள்ளி வையுங்கள், அல்லது மெல்லிய திரை போடுங்கள்.

தோப்பு சொல்லும் பாடம்

எந்தச் செடியை வீட்டுக்குள் கொண்டுவருவது என்று தெரிய, பாலிக் புலாவின் பழத்தோப்பு ஒன்றை மனதில் நினைத்துப் பாருங்கள். மேலே உயரமாக டுரியான் மரங்கள். அவற்றுக்குக் கீழே ஜாதிக்காய், கிராம்பு. இந்த இரண்டும் இந்த மண்ணில் பிறந்தவை அல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கன்றுகளாகக் கொண்டுவந்தது. ஜாதிக்காய் மரம் காட்டில் பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்து பழகியது. இளங்கன்றாக இருக்கும்போது நேர் வெயிலைத் தாங்காது.

இன்னும் கீழே, தரையோடு தரையாக என்ன இருக்கும்? மர நிழலில் படரும் காடுக், ஈரமான ஓரங்களில் கெசும், பண்டான். மேலே உள்ள இலைகள் வடிகட்டியது போக மிச்சம் விழும் வெளிச்சத்திலேயே பிழைக்கக் கற்றுக்கொண்ட செடிகள் இவை.

உங்கள் வரவேற்பறையும் சமையலறையும் செடிக்கு அந்த மரத்தடி மாதிரிதான். மரத்தடியில் வளர்வது வீட்டுக்குள்ளும் வளரும். திறந்த வெளியில் வெயில் குடித்து வளர்வது உள்ளே வந்தால் நீண்டு, வெளுத்து, சாயும். செடி வாங்குவதற்கு முன் 'இது பிறந்த இடத்தில் எங்கே நின்றது?' என்று கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

'எங்க வீடு நல்ல வெளிச்சமாத்தான் இருக்கு' என்று நீங்கள் சொல்லலாம். நம் கண் நம்மை ஏமாற்றும். வெட்டவெளியில் உச்சி வெயில் ஏறத்தாழ 1 இலட்சம் லக்ஸ் இருக்கும். நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில் சில ஆயிரம். வரவேற்பறையின் நடுவில் 100 முதல் 300 வரைதான். கண்மணி விரிந்து இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. செடிக்குக் கண்மணி கிடையாது.

அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. செடி வைக்கப் போகும் இடத்தில் வெள்ளைத்தாள் ஒன்றைப் போட்டு, ஓரடி உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழலில் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் அநேகமாக எதையும் வளர்க்கலாம். கை மாதிரி மங்கலாகத் தெரிந்தால் மரத்தடிச் செடிகளுக்குப் போதும். நிழலே இல்லையென்றால் அந்த இடத்தில் பிளாஸ்டிக் பூ வையுங்கள், அல்லது விளக்கு மாட்டுங்கள்.

விளக்கு என்றால் ஊதா நிறத்தில் மின்னும் விலையுயர்ந்த ஒன்று தேவையில்லை. சாதாரண வெள்ளை எல்.இ.டி. பட்டியே போதும். செடிக்கு அரையடி மேலே, நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம். 20 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 7 யூனிட். உங்கள் மின்கட்டண ரசீதைப் பார்த்துப் பெருக்கிக் கொள்ளுங்கள். ஐந்தாறு சின்னத் தொட்டிக்கு இது கட்டுப்படியாகும்.

கெசும் முதலில், கொத்தமல்லி பிறகு

முதல் முறை வளர்ப்பவர்களுக்கு என் வாக்கு கெசுமுக்குத்தான். விதை வேண்டாம், நர்சரிக்கும் போக வேண்டாம். சமையலுக்கு வாங்கிய கட்டிலிருந்தே முற்றிய தண்டு நாலைந்தை எடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒரு வாரத்துக்குள் கணுக்களில் வெள்ளை வேர் விடும். வேர் விரலளவு ஆனதும் மண்ணுக்கு மாற்றுங்கள். இது ஆற்றோரத்துச் செடி. மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். நீங்கள் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றுகிறவர் என்றால், உங்களை மன்னிக்கக்கூடிய செடி இது ஒன்றுதான்.

புதினாவும் இதே முறைதான். ஆனால் அதற்குத் தனித் தொட்டி வேண்டும். வேர்த்தண்டு ஓடி ஓடிப் பக்கத்துச் செடியை நெருக்கிவிடும். இலைக்கு அடியில் நுண்ணிய வலை மாதிரி தெரிந்தால் அது சிலந்திப்பேன். குழாயடியில் கவிழ்த்துப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தை அழுத்தமாகக் கழுவினால் பெரும்பாலும் அடங்கும்.

காடுக் பார்க்க வெற்றிலை மாதிரியே இருக்கும். இரண்டும் மிளகின் குடும்பம்தான். நாசி உலாமில் நறுக்கிப் போடும் இலை இது. தண்டை ஒடித்து ஊன்றினாலே வரும், நிழலைப் பற்றிக் கவலைப்படாது. பண்டான் மெதுவாக வளரும். தாய்ச்செடியின் பக்கத்தில் வேரோடு முளைக்கும் குட்டியைப் பிரித்து நடுங்கள். நாசி லெமாக்குக்கும் பாயசத்துக்கும் மாதம் இரண்டு இலை கிள்ளலாம், அதற்கு மேல் பேராசை. கற்பூரவல்லிக்குச் சதைப்பற்றுள்ள இலை என்பதால் இதற்கெல்லாம் நேரெதிர். நல்ல வெளிச்சமான ஜன்னலில் வைத்து, மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இனி கொத்தமல்லி. இங்கேதான் நிறையப் பேருக்கு ஏமாற்றம். கொத்தமல்லிக்குக் குளிர் பிடிக்கும், கேமரன் மலை மாதிரி. பினாங்கின் 30 டிகிரி சூட்டில் அது சீக்கிரமே இலையை விட்டுவிட்டுப் பூக்க ஓடும். பூத்துவிட்டால் இலை நூல் நூலாக மெலிந்து, வாசனையும் போச்சு. அதைத் தடுக்கப் போராட வேண்டாம், முந்திக்கொள்ளுங்கள். சமையலறை டப்பாவில் உள்ள தனியாவை எடுத்து, டம்ளரால் லேசாக அழுத்துங்கள். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் இரண்டு விதை இருக்கும், அவை பிரிய வேண்டும், நொறுங்கக் கூடாது. இரவு ஊறவைத்து, வளர்க்கப் போகும் தொட்டியிலேயே நெருக்கமாகத் தூவுங்கள். நாற்றாகப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுபட்டுக் கோபித்துக்கொள்ளும். முளைக்க ஒன்று முதல் இரண்டு வாரம். ஐந்தாறு வாரத்தில் மொத்தமாக அறுத்துச் சமைத்துவிடுங்கள். அதற்குள் இரண்டாவது தொட்டியில் அடுத்த விதைப்பு கிளம்பியிருக்க வேண்டும்.

இத்தனை வேலை முடியாது என்றால் கெத்தும்பார் ஜாவா இருக்கிறது. நீளமான, ரம்பப் பல் வைத்த இலை. கொத்தமல்லியின் தூரத்துச் சொந்தம், பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. சூட்டையும் நிழலையும் தாங்கும். வாசனை இன்னும் தூக்கலாக இருக்கும் என்பதால் ரசத்தில் பாதி அளவு போட்டால் போதும். நடுவிலிருந்து முள்போல எழும் பூத்தண்டை மட்டும் உடனுக்குடன் வெட்டிவிடுங்கள்.

கருவேப்பிலையைக் கேட்பீர்கள் என்று தெரியும். தாளிப்பு என்றாலே அதுதானே! ஆனால் அது மரம். வெயிலில் நின்று ஆள் உயரத்தைத் தாண்டும் மரத்தைச் சமையலறைக்குள் நிறுத்தினால், அது இலையைக் கொட்டித் தன் எதிர்ப்பைச் சொல்லும். நாலைந்து மணி நேரமாவது நேர் வெயில் விழும் பால்கனி இருந்தால் பெரிய தொட்டியில் வையுங்கள். நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டால் பக்கக் கிளை வரும். விதை போடுவதானால் மரத்தில் கறுத்துப் பழுத்த பழத்திலிருந்து அப்போதே எடுத்துப் போடுங்கள், காய்ந்த விதை முளைப்பது சந்தேகம். பால்கனி இல்லையா? தரைவீட்டில் மரம் வைத்திருப்பவரோடு நட்பாக இருங்கள். பதிலுக்கு உங்கள் புதினாவைக் கொடுக்கலாம்.

தொட்டிக்கு அடியில் இருக்கும் ஆபத்து

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தப் பகுதியை வையுங்கள். மலேசியாவில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 1 இலட்சத்து 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிங்கிச் சம்பவங்கள் பதிவாயின. 100 பேர் இறந்தார்கள். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. அதற்கு வேண்டியது வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீர். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு அதற்கு ரொம்ப வசதி. கெசும் வேர்விட நாம் வைத்த கிளாஸும் அப்படியே.

நம் ஊர்ச் சூட்டில் முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் 10 நாள் போதும். அதனால் தட்டில் தேங்கிய நீரை அன்றன்றே கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடாது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிவைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டைப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டு நிறைய மணல் நிரப்பிவிடுவதும் நல்ல யோசனை. ஈரம் இருக்கும், ஆனால் தேங்கிய நீர் இருக்காது. தண்டு வைத்த கிளாஸின் நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி, உட்புறத்தையும் தேய்த்துவிடுங்கள். வாயைச் சுற்றிப் பஞ்சு அடைத்தால் இன்னும் பாதுகாப்பு.

சட்டமும் இருக்கிறது. நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டில் ஏடிஸ் புழு இருப்பது தெரிந்தால் 500 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். நீதிமன்றம் வரை போனால் தொகை இன்னும் பெரிது.

'துளசி வச்சிருக்கேன், செராய் வச்சிருக்கேன், கொசு வராது' என்று சிலர் சொல்வார்கள். கொசுவை விரட்டுவது அந்தச் செடிகளின் எண்ணெய். இலையைக் கசக்கினால்தான் அது வெளியே வரும். சும்மா நிற்கும் செடி கொசுவை விரட்டாது. அதன் தட்டில் தண்ணீர் இருந்தால் அது கொசு வளர்க்கும்.

மண்ணும் தொட்டியும்

தொட்டிக்கு அடியில் துளை கட்டாயம். மற்றபடி காலி மைலோ டின், ஐஸ்கிரீம் டப்பா எதுவும் ஆகும். டின் ஓர் ஆண்டில் துருப்பிடிக்கும், பரவாயில்லை. மண்ணுக்கு மலேசிய நர்சரிகளில் சொல்லும் 3:2:1 கணக்கு நன்றாக வேலை செய்கிறது. மேல்மண் 3 பங்கு, மக்கிய உரம் 2, மணல் 1. வீட்டுக்குள் கனம் குறைய வேண்டும் என்றால் மண்ணில் ஒரு பங்குக்குப் பதில் தேங்காய் நார்த்தூள் சேர்க்கலாம். அரிசி கழுவிய நீர் ஊற்றலாமா என்றால், வெளியே ஊற்றலாம். உள்ளே ஊற்றினால் வாடையும் சின்னக் கறுப்புப் பூச்சிகளும் வரும்.

மண்ணைக் கிளறும்போது கையுறை போடுவது அழகுக்காக அல்ல. மலேசிய மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற கடுமையான நோயைத் தரும் பாக்டீரியா இருக்கிறது. தோலில் உள்ள காயம் வழியாக அது உடலுக்குள் போகலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். நம் வீடுகளில் பாட்டியோ அப்பாவோ யாராவது ஒருவருக்குச் சர்க்கரை இருப்பது சகஜம்தானே. தொட்டி மாற்றும் வேலையைக் கையில் வெட்டுக்காயம் உள்ள அவர்களிடம் விடாதீர்கள், நீங்கள் செய்யுங்கள்.

மாடியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஜன்னலுக்கு வெளியே உள்ள விளிம்பிலோ பால்கனிச் சுவர் மேலோ தொட்டி வைக்கவே கூடாது. 2018 ஜனவரியில் கோலாலம்பூர் பந்தாய் டாலாமில் ஓர் அடுக்குமாடியின் மேல்தளத்திலிருந்து விழுந்த நாற்காலி பட்டு 15 வயது மாணவர் ஒருவர் இறந்தார். தண்ணீர் ஊற்றிய தொட்டி ஒரு புயல்மழைக் காற்றில் சரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். செடி கிரில்லுக்கு உட்பக்கம் இருக்கட்டும், வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. நடைபாதையில் வைப்பதானால் தீ விபத்தின்போது ஆட்கள் ஓட வழி விட்டு வையுங்கள்.

எப்போது பறிக்கலாம்?

நட்டு ஒரு மாதம் ஆனதும் கெசுமையும் புதினாவையும் பறிக்கத் தொடங்கலாம். இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளாதீர்கள். கணுவுக்குச் சற்று மேலே தண்டையே வெட்டுங்கள், வெட்டிய இடத்தில் இரண்டு கிளை வரும். ஒரே நேரத்தில் செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். சில மாதத்தில் கெசுமின் அடித்தண்டு மொட்டையாகி இலை சிறுக்கும். அப்போது நல்ல நுனிகளை வெட்டி மறுபடி கிளாஸில் வைத்து, பழைய செடியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

லக்சாவின் மூன்றில் இரண்டு இப்போது உங்கள் ஜன்னலில் இருக்கிறது. மூன்றாவதான புங்கா கந்தானை வீட்டுக்குள் வளர்க்க ஆசைப்படாதீர்கள். அந்தச் செடி 5 மீட்டர் வரை உயரும். பூவைச் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.